அட்டை இல்லாத விதை

தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் மல்லி கிடைக்கும், முல்லை கிடைக்கும், கனகாம்பரம், செண்டுமல்லி, அரளி, மரிக்கொழுந்து எல்லாம் கிடைக்கும். அந்திமந்தாரை கிடைக்காது. கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். மாலை நாலு, நாலரைக்கு மேல் விரிந்து இரவெல்லாம் மணக்கிற பூ அது. விடியற்காலையில் பறித்துக் கூடையில் போட்டாலும், கை மாறி ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுருண்டு ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். கிலோவுக்கும் நிற்காது, முழத்துக்கும் வராது. விலை இல்லாத பூவின் செடியை எந்த நர்சரியும் பையில் போட்டு வளர்ப்பதில்லை.

ஆனாலும் திருவையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வரை எந்த ஊருக்குப் போனாலும் அது இருக்கிறது. கொல்லைக் கிணற்றடி, வாய்க்கால் கரை, இடிந்த மதிலின் ஓரம், குளியலறைத் தண்ணீர் போகிற தடம் என்று ஈரம் கசிகிற இடமெல்லாம் நிற்கிறது. விற்காத, வாங்காத ஒன்று இத்தனை தூரம் பரவியதற்கு அதன் விதைதான் காரணம். அந்த விதையின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

விதை என்று சொன்னாலும் தாவரவியலார் கணக்கில் அது விதையைத் தன்னோடு ஒட்டி மூடிய காய். பூவிலும் இதே வேடிக்கை உண்டு. நாம் இதழ் என்று பார்ப்பது புல்லிவட்டம். இந்தச் செடிக்கு அல்லிவட்டமே கிடையாது. ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதை. பூ உதிர்ந்த பிறகு பச்சைக் கிண்ணத்தின் நடுவில் கறுத்து, சுருங்கி, பார்ப்பதற்கு அச்சு அசல் மிளகு. வீட்டில் சேகரித்து வைப்பவர்கள் அஞ்சறைப் பெட்டிப் பக்கம் அதைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. விதையும் கிழங்கும் வயிற்றைப் புரட்டிப்போடும் நஞ்சு. குழந்தை இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று மாவு இருக்கும். ஜப்பானில் அந்த மாவு முகப்பூச்சை நினைவூட்டியதால் செடிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊரில் பெண்பிள்ளைகள் அதைக் கல்லில் நுணுக்கிச் சொப்புச் சமையலுக்கு அரிசிமாவாக்கிக்கொண்டதோடு சரி.

மிளகைத் தேடிக் கிளம்பிய கப்பல்கள் இந்தப் போலி மிளகைக் கொண்டுவந்து இறக்கியதுதான் கதையின் முதல் வேடிக்கை. அந்திமந்தாரை அமெரிக்காவின் வெப்பநாடுகளைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. லண்டனில் ஜான் ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில் ‘பெருவின் அதிசயம்’ என்று அதைக் கொண்டாடியிருக்கிறார். ஒரே செடியில் வேறு வேறு நிறப் பூக்கள் என்பதுதான் அதிசயம். பிறகு அதன் தடித்த கிழங்கைப் பார்த்துவிட்டு, மெக்ஸிகோவின் ஹலாப்பா ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் பேதி மருந்து இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று ஒரு கதை கிளம்பியது. உண்மையில் அந்த மருந்து வேறொரு கொடியின் கிழங்கு. ஆனால் லின்னேயஸ் 1753இல் வைத்த மிராபிலிஸ் ஹலாப்பா என்ற பெயரில் அந்தத் தவறு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

இந்தியக் கரைக்கு அது வந்த காலத்தை மலையாள தேசத்துச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ காட்டிக்கொடுக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு உள்ளூர் வைத்தியர்களை வைத்துத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளியான நூல் அது. அதில் அந்திமலரி என்ற உள்ளூர்ப் பெயரோடு இந்தச் செடி இருக்கிறது. அதாவது 17ஆம் நூற்றாண்டிலேயே அது வந்து, வேர்விட்டு, ஊர்ப் பெயரும் வாங்கிவிட்டது. சோழமண்டலக் கரையில் போர்த்துகீசியர்கள் நாகப்பட்டினத்தில் 1658 வரை இருந்தார்கள்; அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக்காரர்கள் 1781 வரை இருந்தார்கள். 1620இலிருந்து தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். மிளகாய், முந்திரி, புகையிலை வந்த கப்பல் பாதை இது. அவற்றுக்கெல்லாம் வாங்குவோர் உண்டு, எனவே கணக்குப் புத்தகத்தில் வரி உண்டு. அந்திமந்தாரைக்கு அந்த வரி கிடையாது. மடியில் முடிந்துகொண்டு வந்ததாகவோ மூட்டையின் மூலையில் ஒட்டிக்கொண்டு வந்ததாகவோதான் இருக்க வேண்டும்.

தரங்கம்பாடியில் இதற்கு நேர்மாறான வேலையும் நடந்தது. 1768இல் அங்கு வந்த யோஹன் கெர்ஹார்ட் கோனிக் லின்னேயஸின் மாணவர், மருத்துவர். அவரும், 1776இல் வந்த மிஷனரி ரொட்லரும், மிஷன் நண்பர்களும் காவிரிக் கழிமுகத்துச் செடிகளைப் பறித்துப் பதம் செய்து, பெயர் எழுதி, தேதி போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ரொட்லர் சேகரித்தவை இன்றும் லண்டன் கியூ தோட்டத்தின் தொகுப்பில் இருக்கின்றன. போன செடிகளுக்கெல்லாம் சீட்டு உண்டு. வந்த செடிக்குச் சீட்டு இல்லை. எனக்கு இந்தச் சீட்டில்லாத பயணம்தான் பிடித்திருக்கிறது.

காரணம், இது நெல் நாடு. விதை என்றால் இங்கே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இயங்குகிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று எண் போட்டு அழைக்கப்படும் ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. சான்று விதை நூற்றுக்கு 80க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். பக்கத்து வயல் ரகத்திலிருந்து விதைப் பயிர் 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கதிர் வரும் சமயத்தில் விதைப்பண்ணைக்குள் இறங்கி, உயரம் மாறியது, மீசை உள்ளது, நெல்மணி நிறம் வேறானது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவார்கள். கலவன் எடுப்பது என்று அதற்குப் பெயர். ஒரு கலவன் தப்பினால் அடுத்த போகத்தில் பத்தாகும் என்று விவசாயி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அதே விவசாயியின் வீட்டுக் கொல்லையில் கலவனைத் தவிர வேறெதுவும் இல்லாத செடி ஒன்று நாள் தவறாமல் பூக்கிறது.

“என்னக்கா, மஞ்சள்னு சொல்லி வெத குடுத்தீங்க. ரோஸா பூத்துக் கெடக்கு?”

“நான் மஞ்சச் செடியிலேருந்துதான்டி பறிச்சேன். ஒன் கொல்லையில போயி அது என்ன கூத்தடிச்சுதோ!”

இந்தப் பேச்சு நடக்காத தெரு இருக்காது. அக்கா பொய் சொல்லவில்லை. இந்தப் புகாருக்கு மூன்று விளக்கம் உண்டு, மூன்றும் உண்மை.

முதல் விளக்கம் கிழங்கு. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது கொல்லையைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது பழைய செடியை அரிவாளால் தரையோடு அறுத்துவிடுவார்கள். மேலே ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் முள்ளங்கிப் பருமனுக்குக் கிழங்கு கிடக்கும். அது தெரியாமல் அதே இடத்தில் புது விதையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், விதைக்கு முன்னால் கிழங்கு எழுந்துவிடும். ஊற்றிய தண்ணீரெல்லாம் பழைய ரோஸ் செடிக்குப் போயிருக்கும். ஆளுக்குத் தெரிய ஒரே அடையாளம் முளை: விதையிலிருந்து வருவது முதலில் அகலமான இரண்டு வித்திலைகளை விரிக்கும், கிழங்கிலிருந்து வருவது எடுத்த எடுப்பிலேயே தடித்த தளிராகக் கிளம்பும்.

இரண்டாவது, உதிர்ந்த விதை. அந்திமந்தாரை தன் காலடியிலேயே விதையைக் கொட்டும். மழைத் தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போய் அடுத்த வீட்டு மதில் ஓரத்தில் சேர்க்கும். எது நீங்கள் போட்டது, எது தானாக வந்தது என்று பிரிக்க முடியாது.

மூன்றாவதுதான் உண்மையிலேயே சுவையானது. பொழுது சாய்ந்ததும் இந்தப் பூவைத் தேடிப் பெரிய அந்துப்பூச்சிகள் வரும். பூவில் உட்காராமல் அந்தரத்தில் இறக்கையடித்தபடி நின்று, நீண்ட உறிஞ்சு குழலை அந்த நீண்ட பூக்குழலுக்குள் இறக்கித் தேன் எடுக்கும். மஞ்சள் பூவிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து ரோஸுக்கும் மகரந்தம் அப்படிப் போகும். பூச்சி வராவிட்டாலும் செடிக்கு நஷ்டமில்லை. காலையில் மூடும்போது சூல்முடியும் மகரந்தத் தாள்களும் ஒன்றாகச் சுருண்டுகொள்ளும். தன் மகரந்தமே தனக்கு உதவிவிடும். அக்கா கொடுத்த ஒரு பிடி விதையில் எது பூச்சி வைத்தது, எது தானே வைத்துக்கொண்டது என்பது பூக்கும் வரை வெளியே தெரியாது.

இந்தக் கூத்தைக் கவனித்தவர்களில் மெண்டலும் உண்டு. பட்டாணியோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரு சூல் கருவுற எத்தனை மகரந்தத் துகள் வேண்டும் என்று அப்போது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒன்று போதாது என்று பிரான்ஸின் நோதான் சொன்னார். டார்வினும் அதை எடுத்து எழுதினார். மெண்டலுக்கு அது பொருந்தவில்லை. ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் தன் பட்டாணிக் கணக்கே ஆட்டம் காணும். அதனால் அந்திமந்தாரையை எடுத்துக்கொண்டார். பூவுக்கு ஒரே சூல். மகரந்தத் துகளோ வெறும் கண்ணுக்கே தட்டுப்படும் அளவுக்குப் பெரியது. ஒரு பூவுக்கு ஒரு துகள் என்று வைத்துப் பார்த்தார். நல்ல விதைகள் 18 கிடைத்தன, அவற்றிலிருந்து 18 செடிகளும் வந்தன. 1870 ஜூலையில் மியூனிக் பேராசிரியர் நேகெலிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். கொல்லையில் குப்பையோடு குப்பையாகப் பெருக்கித் தள்ளுகிற விதை, ஒரு பெரிய கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

அதே நேகெலியின் மாணவர் கார்ல் கோரென்ஸ். மெண்டலின் மறந்துபோன கட்டுரையை 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்தால் வரும் பிள்ளை சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ரோஸாக இருக்கும் என்று காட்டினார். அந்த ரோஸை ரோஸோடு சேர்த்தால் பேரப்பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு ரோஸ், ஒரு பங்கு வெள்ளை. பிளஸ் டூ உயிரியல் பாடத்தில் படித்த எல்லாருக்கும் இந்த 1:2:1 தெரியும். மாணவர்கள் அதைக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்துவிட்டு, அதே செடியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் ஒரு பஞ்சுத் துணுக்கும் இருந்தால் அதைத் தாங்களே செய்து பார்க்கலாம் என்று எந்தப் பள்ளியாவது சொல்கிறதா தெரியவில்லை.

கோரென்ஸ் 1909இல் சொன்ன இன்னொன்று வீட்டில் விதை போடுகிறவர்களுக்கு நேராகப் பயன்படும். இலையில் வெள்ளைத் திட்டு விழுந்த அந்திமந்தாரை சில வீடுகளில் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று அதன் விதையை வாங்கிப்போய்ப் போட்டால், சில நாற்றுகள் முழு வெள்ளையாக முளைத்து, சில நாளில் தலை சாய்ந்துவிடும். தண்ணீர் அதிகமாகிவிட்டது, மண் சரியில்லை, கண் பட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒன்றும் இல்லை. அந்த விதைகள் வெள்ளைக் கிளையிலிருந்தோ திட்டு விழுந்த கிளையிலிருந்தோ பறித்தவை. பச்சையம் இல்லாத நாற்று, விதையிலிருந்த மாவு தீரும் வரைதான் இருக்கும். வெள்ளைக் கிளைப் பூவுக்கு எந்தப் பச்சைச் செடியின் மகரந்தத்தை வைத்தாலும் வெள்ளை நாற்றுதான் வரும். பச்சைக் கிளைப் பூவுக்கு வெள்ளைக் கிளையின் மகரந்தத்தை வைத்தாலும் பச்சைதான் வரும். இந்த விஷயத்தில் தகப்பன் பேச்சுக்கே இடமில்லை, தாய்க் கிளை வைத்ததுதான் சட்டம். ஆகவே திட்டு இலைச் செடியிலிருந்து விதை எடுக்கிறவர்கள் பச்சையும் வெள்ளையும் கலந்த கிளையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். அதிலும் மூன்று விதமும் கலந்து வரும்.

நிறத்துக்குத் திரும்பலாம். இந்தப் பூவின் மஞ்சளும் ரோஸும் பீட்ரூட்டுக்கு நிறம் தருகிற சாயக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மஞ்சள் சாயம் நீல ஒளியை வாங்கிப் பச்சையாக ஒளிரும் என்று ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2005இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது, சாயங்காலத்தில் வருகிற பூச்சிக்கு ஒருவேளை தெரியலாம். சில செடிகளில் மஞ்சள் பூவின் மேல் ரோஸ் வரியும் புள்ளியும் தெறித்திருக்கும். ஒரே பூவில் பாதி மஞ்சள், பாதி ரோஸ் என்று அளவெடுத்துப் பிரித்ததுபோலவும் வரும். மரபணுவுக்குள் இடம் விட்டு இடம் தாவுகிற துண்டுகள் செய்யும் வேலை இது. பூ உருவாகும்போது தாவல் சீக்கிரம் நடந்தால் பட்டையாகவும், தாமதமாக நடந்தால் புள்ளியாகவும் விழும். ஜெரார்டு 1597இல் வாய் பிளந்து பார்த்தது இதைத்தான்.

இதே கடல் வழியாக, மெக்ஸிகோவிலிருந்து வந்த இன்னொரு பூவின் கதி வேறு மாதிரி. செண்டுமல்லிக்குச் சந்தை கிடைத்தது. மாலை, தோரணம், ஆயுத பூஜைக்கு லாரி முகப்பு என்று எங்கும் நுழைந்தது. நெல் வரப்பில் நன்மை செய்யும் பூச்சிகளை இழுக்க அதை நடச்சொல்லி வேளாண்மைத் துறையே பரிந்துரைக்கிறது. ஆனால் பூஜை முடிந்த மாலையை உதிர்த்துத் தொட்டியில் தூவி, அதே பந்து பந்தான பூ வரும் என்று காத்திருக்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இப்போது மாலைக்கு வருபவற்றில் பெரும்பகுதி கலப்பின விதையிலிருந்து வந்தவை. அடுத்த தலைமுறையில் சிறுத்து, இதழடுக்குக் குறைந்து, நிறம் கலைந்துதான் பூக்கும். அதே போன்ற பூ வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டை வாங்கு என்பதுதான் அந்த வியாபாரம். கனகாம்பரத்திலும் ஒரு பொறி உண்டு. நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் மழைத் துளி பட்டால் காய் படபடவென்று வெடித்து விதை முற்றமெங்கும் தெறிக்கும். ஆனால் டெல்லி கனகாம்பரத்தில் விதையே பிடிக்காது, பதியன்தான் போட வேண்டும். ‘எத்தனை நாளா விதைக்குக் காத்திருக்கேன்’ என்பவர்களிடம் முதலில் எந்தக் கனகாம்பரம் என்று கேட்டுவிடுவது நல்லது.

அந்திமந்தாரைக்கு இந்தத் தொல்லை இல்லை. முளைக்க வைப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி மூட்டம் போடுகிற வீட்டில், நாலு பூவிதையை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைப்பதா கஷ்டம்? வண்டல் மண்ணில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊற்றிய தண்ணீர் காய்ந்ததும் மேல் மண் ஓடு கட்டிக்கொள்ளும், முளை முட்டி நிற்கும். கொஞ்சம் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்தால் ஓடு கட்டாது. விரல் கணு ஆழம் போதும். ஒரு வாரம், பத்து நாளில் வரும். வரும்போது பல நாற்றுகள் கறுப்புத் தோட்டைத் தலையில் மாட்டிக்கொண்டே வரும். பாவம் மூச்சு முட்டுகிறதே என்று விரலால் அதைக் கழற்றப் போனால் வித்திலையும் கூடவே பிய்ந்துவிடும். சாயங்காலம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டால் இரவில் ஊறித் தானே கழன்றுவிடும்.

டெல்டாவில் அதற்கு உண்மையான எதிரி ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆடிப்பட்டத்தில் போட்டது நன்றாகக் குலுங்கிப் பூத்துக்கொண்டிருக்கும்போது வடகிழக்குப் பருவமழை கொல்லையைக் குளமாக்கும். நாலைந்து நாள் தண்ணீர் வடியாவிட்டால் கிழங்கு அழுகிவிடும். அந்த மழையில் பறித்த விதையை அப்படியே டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைப்பது நம் வீட்டுப் பழைய வழக்கம். அவரைக்கும் புடலைக்கும் செய்வதேதான். பெயர் எழுதி வைக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. எழுதினாலும் இந்த விதையிடம் அந்த எழுத்து செல்லாது.

விலை இல்லாததால்தான் இந்தப் பூவை யாரும் திருத்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தைக்குப் போயிருந்தால் ஒரே நிறமாக, ஒரே அளவாக, காலையில் பூப்பதாக மாற்றிப் பாக்கெட்டில் அடைத்திருப்பார்கள். யாரும் சீந்தாததால் அது கைமாற்றிலேயே பிழைத்தது. அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு, பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு, முந்தானை முடிச்சில் போனது. போகிற வழியெல்லாம் நிறத்தை மாற்றிக்கொண்டது.

இருந்தாலும் பக்கத்து வீட்டு வரிப்பூ அப்படியே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விதை உதவாது. மாசி, பங்குனியில் அந்தச் செடி ஓய்ந்திருக்கும்போது கேட்டுக் கிழங்கைத் தோண்டி வந்து, மேடான இடமாகப் பார்த்துப் புதையுங்கள். அதே வரிதான் வரும். வந்த பிறகு ஒரு கிளை மட்டும் வரியெல்லாம் வேண்டாம் என்று முழு ரோஸாகப் பூக்க ஆரம்பித்தால், பக்கத்து வீட்டு அக்காவிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.